ஞாபக சக்திக் குதிரை

எங்கள் ஊரில் அந்தக் குதிரை லாரியில் வந்து இறங்கியபோது கூடிய கூட்டம் முதலில் கேட்டது, கல்யாணம் யாருக்கு என்றுதான். விருத்தாசலத்தில் குதிரை என்றால் மாப்பிள்ளை அழைப்பு. வேறு காரியத்துக்காக ஒரு குதிரை இங்கே வரும் என்று யாருக்கும் தோன்றாது. கயிற்றைப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்த பெண் பிசியோதெரபி படித்தவர். பெங்களூரில் குதிரைகளை வைத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்தில் வேலை கற்றுக்கொண்டு, சொந்த ஊர்ப் பக்கமே செய்யலாம் என்று வந்திருந்தார். இது கல்யாணத்துக்கு இல்லை, கொஞ்சம் கூடுதலாகக் கவனிப்பு தேவைப்படுகிற பிள்ளைகளுக்கு என்று அவர் பொறுமையாக விளக்கினார். "ஓ, லூசுப் பிள்ளைங்களுக்கா" என்று ஒருவர் அதைச் சுருக்கி எல்லோருக்கும் புரிய வைத்தார். அந்தக் கூட்டத்தில் நானும் நின்றுகொண்டிருந்தேன். என் கையில் என் மகளின் மணிக்கட்டு இருந்தது.

அவளுக்கு அப்போது பதினைந்து வயது. ஆட்டிசம். பேச்சு என்று பார்த்தால் தண்ணி, வேணாம், போலாம் என்று கைக்கடக்கமாகச் சில வார்த்தைகள். கால்களுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. பிடி தளர்ந்தால் ஓடிவிடுவாள். ஒருமுறை பாலக்கரையில் நான் பழம் பொறுக்கிய நேரத்தில் கையை உதறிக்கொண்டு ஓடி, புறப்படத் தயாராக நின்ற பெண்ணாடம் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். கண்டக்டர் நல்ல மனிதர், விசிலை வாயில் வைத்தவர் ஊதாமல் எனக்காகக் காத்திருந்தார். அன்றிலிருந்து வாசலைத் தாண்டினால் அவள் மணிக்கட்டு என் பிடியில்தான். அவளுக்கோ யார் தொட்டாலும் ஆகாது. நான் பிடிக்க அவள் முறுக்க, ஒரு தாய்க்கும் மகளுக்கும் இடையில் இந்த இழுபறி வருஷக்கணக்கில் நடந்தால் இரண்டு பேர் முகமும் கடுகடுவென்று ஆகிவிடும். எங்களுக்கு ஆகியிருந்தது.

அவள் அத்தா, என் கணவர், ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இருக்கிறார். வீடியோ காலில் குதிரை விஷயத்தைச் சொன்னதும், இங்கே ஷேக்குகள்தான் குதிரை வளர்ப்பார்கள், நமக்கெதற்கு என்றார். பிறகு கடிக்குமா என்றார். அவருடைய அக்கா, என் மச்சி, அடுத்த தெருவில் இருக்கிறார், எதற்கும் ஒரு யோசனை வைத்திருப்பார். தர்காவில் ஓதி வாங்கிய கயிற்றை என் மகள் கழுத்தில் கட்டினால் அறுத்து எறிந்துவிடுகிறாள் என்பது அவருக்கு நெடுநாள் கவலை. அதனால் இந்த முறை கயிற்றைக் குதிரைக்குக் கட்டிப் பார்க்கலாம் என்றார். குதிரை அறுக்காது இல்லையா. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுச் சனிக்கிழமை காலைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.

பயிற்சி நடந்தது, மூடிக் கிடந்த ஒரு பீங்கான் யூனிட்டின் பின்பக்க முற்றத்தில். பீங்கான் தொழில் நடக்கிற எங்கள் ஊர் மண்ணில் எங்கே கிளறினாலும் உடைந்த கப்பும், கரண்டுக் கம்பத்துப் பீங்கானும், தலை இல்லாத பொம்மையும் கிடைக்கும். குளம்பில் குத்தினால் குதிரை நொண்டிவிடும் என்பதால், முதல் சில வாரங்கள் பயிற்சி என்பதே நாங்கள் குனிந்து ஓடு பொறுக்கியதுதான். பெற்றோர்கள் எல்லோரும் சாக்குப் பையோடு வந்தோம். பிறகு ஆற்று மணல் கொட்டி, சுற்றிலும் சவுக்குக் கம்பு நட்டார்கள். நான் ஜங்ஷன் ரோட்டில் கப்பு, ஜாடி விற்கிற கடை வைத்திருக்கிறேன். உடைந்த பீங்கானை இவ்வளவு வெறுப்போடு நான் பார்த்தது அப்போதுதான்.

குதிரைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. அது ஒரு வெள்ளைப் பெண் குதிரை. சிதம்பரம் பக்கம் கல்யாணங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. நடை மெதுவானதும், முகூர்த்தம் தவறிவிடும் என்று விற்றுவிட்டார்கள். பேண்டு சத்தம், பட்டாசு, குடித்துவிட்டு ஆடுகிற மாப்பிள்ளைத் தோழர்கள் எல்லாம் பார்த்த குதிரை, எதற்கும் மிரளாது. ஒரே ஒரு பழக்கம் மட்டும் அதை விட்டுப் போகவில்லை. யாராவது செல்போனைத் தூக்கிப் பிடித்தால் அப்படியே நின்று, கழுத்தை லேசாக வளைத்துக்கொள்ளும். போனைக் கீழே இறக்கும்வரை நகராது. இதனால் செல்போன் கூடாது என்று வாசலில் போர்டு வைத்தார்கள். எல்லோரும் முதலில் அந்தப் போர்டைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் பெண்ணுக்கு ஊர் வைத்த பெயர் குதிரை டாக்டர். நான் டாக்டர் இல்லைங்க என்று அவர் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். வயிறு உப்பிய ஆட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களுக்குக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லி அனுப்புவது அவருடைய தினசரி வேலையில் ஒன்றானது. நானும் அவரைக் குதிரை டாக்டர் என்றே சொல்கிறேன், பழகிவிட்டது. அவர் முறையில் குதிரை மேல் ஏறுவது பிறகு. முதலில் பக்கத்தில் நிற்க வேண்டும், தண்ணீர் வைக்க வேண்டும், பிரஷ் போட வேண்டும், கயிற்றைப் பிடித்துக் கூட நடக்க வேண்டும். ஏறாமல் எதற்குக் குதிரை என்று பெற்றோர்கள் குழம்பினார்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ் பிடித்து வருகிற ஒரு தகப்பனார், வீட்டுப்பாடம் ஏதாவது கொடுங்கள் மேடம், சும்மா தடவிக்கொண்டே இருந்தால் எப்படி என்று கேட்டார். குதிரையைச் சுற்றி நடக்கும்போது வாய்ப்பாடு சொல்ல வைத்தால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்பது அவர் கட்சி. ரேங்க் உண்டா என்று மட்டும் அவர் கேட்கவில்லை, மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

என் மகள் முதலில் மணலைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். கம்பு வேலி இருந்ததால் அவள் கையை விட்டுவிடச் சொல்லிவிட்டார்கள். ஓடி அலுத்ததும் நேராகக் குதிரையை நோக்கி வேகமாக வந்தாள். குதிரை ஒதுங்கிக்கொண்டது. மறுபடி வந்தாள், மறுபடி ஒதுங்கியது. அதற்குக் கோபம் இல்லை, துரத்தவும் இல்லை, அவசரமாக வந்தால் விலகும், அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து எல்லோரும் அவளைப் பிடித்து நிறுத்தித்தான் பழக்கம். தன்னைப் பிடிக்காமல் வெறுமனே விலகி நிற்கிற ஒன்றை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. சில வாரங்களில் அவள் நடை தானாக மெதுவாகியது. ஒரு சனிக்கிழமை பக்கத்தில் போய் நின்றாள், அது நகரவில்லை. குதிரை டாக்டர் சத்தமில்லாமல் பிரஷை நீட்டினார். கழுத்திலிருந்து வயிறு வரைக்கும் முடி போகிற போக்கிலேயே போட்டாள். ஒரு மணி நேரம் அங்கேயே நின்றாள்.

நான் வேலிக்கு வெளியே வெறும் கையோடு நின்று அழுதேன். ஆனந்தக் கண்ணீர் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். உண்மையில் எனக்குக் கை வலித்தது, அது வலிக்கிறது என்பது பிடியை விட்ட பிறகுதான் தெரிந்தது. அடுத்தடுத்த வாரங்களில் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து டீயைச் சூடாகக் குடித்தேன். கடைக்காரர், என்னங்க பாயம்மா, இன்னிக்கு ஆத்தாமலே குடிக்கிறீங்க என்று கேட்டார். அந்த ஒரு மணி நேரம் அவளுக்கும் எனக்கும் வாரம் முழுவதற்குமான சாப்பாடு ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே செருப்பை எடுத்து வாசலில் வைத்துவிடுவாள். எங்களுக்கு இந்த ஊரில் வேறு எதுவும் இல்லை, அது போய்விடக் கூடாது என்பதுதான் என் ஒரே துஆவாக இருந்தது.

போகத்தான் பார்த்தது. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வருகிற ஒரு துறுதுறுப் பிள்ளையைக் குதிரை மேல் முதன்முதலாக ஏற்றிய அன்று, கூட வந்த மாமா வேலியோரம் நின்று போனைத் தூக்கிவிட்டார். குதிரை நின்றது. மாமா எடுத்துக்கொண்டே இருந்தார், குதிரையும் நின்றுகொண்டே இருந்தது. இறங்க வழி இல்லாமல் பிள்ளையும் கம்மென்று உட்கார்ந்திருந்தது. ஓர் இடத்தில் உட்காராத பிள்ளை சிலை மாதிரி உட்கார்ந்திருப்பதாக அந்த வீடியோ ஊரைச் சுற்றியது. சுற்றிவிட்டு என் போனுக்கு வந்து சேர்ந்தபோது அதன் கீழே யாரோ நீளமாக எழுதியிருந்தார்கள். குதிரையோடு இருந்தால் ஞாபக சக்தி கூடும், கவனம் சிதறாது, நீட் எழுதுகிற பிள்ளைகளுக்கு மிகவும் நல்லது, அந்தக் காலத்து ராஜாக்கள் எல்லாம் புத்திசாலிகளாக இருந்த ரகசியம் இதுதான், உங்கள் சொந்தங்களுக்கும் பகிருங்கள். மச்சியும் எனக்குப் பகிர்ந்திருந்தார். நம் பெண் அங்கேதான் போகிறாள் என்பதை அவர் அந்த நேரத்தில் மறந்திருந்தார்.

அடுத்த சனிக்கிழமை பீங்கான் யூனிட் வாசலில் கார் நிறுத்த இடமில்லை. பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகள், ஒரு வருஷம் தவறி மறுபடி நீட்டுக்குப் படிக்கிற பிள்ளைகள் என்று வரிசை நின்றது. ஒரு மாணவி குதிரையின் முதுகில் உட்கார்ந்து தவளையின் இதயத்தை மனப்பாடம் செய்தாள். இடது பக்கம் தடவினால் கணக்கா, வலது பக்கம் தடவினால் உயிரியலா என்று ஒரு தகப்பனார் சந்தேகம் கேட்டார். ஓர் அம்மா சூடம் ஏற்றிக் குதிரைக்கு மூன்று சுற்றுச் சுற்றினார். புகை ஏறி அது தும்மியதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டு பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பினார். எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டே இருந்ததால் குதிரை பாவம் நாள் முழுக்கக் கழுத்தை வளைத்துக்கொண்டு நின்றது. எவ்வளவு அமைதி பாருங்கள், இந்த அமைதிதான் பிள்ளைகளுக்கு இறங்குகிறது என்று வியந்தார்கள்.

குதிரை டாக்டருக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. முற்றத்தில் இடம் கொடுத்த யூனிட் முதலாளியின் மகளே அந்த வரிசையில் நின்றால் அவர் என்ன செய்வார். எங்கள் பிள்ளைகளின் நேரம் முதலில் பாதியானது, பிறகு அதிலும் பாதியானது. ஒருநாள், இன்னிக்கு ஒருநாள் மட்டும் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கக்கா என்று என்னிடம் கெஞ்சினார். நான் அட்ஜஸ்ட் செய்துகொள்வேன், என் மகள் எப்படிச் செய்வாள். குதிரை கண்ணுக்குத் தெரிகிறது, பக்கத்தில் விடமாட்டேன் என்கிறார்கள். அவள் மண்டையை யூனிட்டின் இரும்பு ஷட்டரில் மோதிக்கொண்டாள். நெற்றி வீங்கி ரத்தம் கட்டியது. வரிசையில் நின்ற பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளின் கண்ணை மூடினார்கள், பரீட்சை நேரத்தில் இதையெல்லாம் பார்க்கக் கூடாது இல்லையா. நான் அவளை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்று முழுக்க நான் யாரையெல்லாம் திட்டினேன் என்று எழுதினால் இந்தப் பக்கம் தாங்காது.

பிறகு பெற்றோர் கூட்டம் போட்டார்கள். யாரும் தலைமை தாங்கச் சொல்லாமலே தலைமை தாங்குகிற பிறவிகள் சிலர் உண்டு. எங்கள் கூட்டத்துக்கு அப்படி வாய்த்தவர் ஒரு பேங்க் மேனேஜரம்மா. அவர் மகள் நீட்டுக்கு மறுபடி படித்துக்கொண்டிருந்தாள், வெயிலோ நிழலோ தலையில் ஷாலைப் போட்டுக்கொண்டு ஓரமாக நிற்கிற பெண். மேனேஜரம்மா எங்கள் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். இரண்டு தரப்புக்கும் நல்லதுதான் சொல்வதாக முன்னுரை. "மத்தியானம் எங்க பிள்ளைங்களுக்கு கோச்சிங் இருக்குது, காலைலதான் வர முடியும். ஸ்பெஷல் பிள்ளைங்க மத்தியானம் வந்துக்கலாமே. அவங்களுக்கு டைமு தெரியாது பாருங்க, எந்த நேரமா இருந்தாலும் ஒண்ணுதான்."

அப்போது பங்குனி வெயில். பீங்கான் யூனிட் முற்றத்து மணலில் மத்தியானம் கால் வைத்தால் சூளைக்குள் வைத்தது போல இருக்கும். நான் எழுந்தேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும், அதனால் எல்லோரும் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. "எம்பொண்ணுக்கு டைமு தெரியாதுங்க. ஆனா வெயிலு தெரியும்" என்றேன்.

அப்படிச் சொன்னதில் எனக்கே பெருமையாக இருந்தது. அதற்குள் ஒருவர், அதற்கென்ன, மேலே பச்சை வலை கட்டிவிடலாம் என்றார். பிரச்சினை தீர்ந்ததில் எல்லோருக்கும் நிம்மதி, வலை எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று பேச்சு போனது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

அதுவரை ஓரமாக நின்ற குதிரை டாக்டர் அப்போதுதான் வாயைத் திறந்தார். அடுத்த வாரத்திலிருந்து மாற்றுத்திறனாளி அட்டை இருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும்தான் பயிற்சி, இடம் கொடுத்தவர் காலி பண்ணச் சொன்னாலும் சரி, குதிரையை ஆற்றங்கரையில் கட்டிக்கொள்கிறேன் என்றார். ஒருவழியாகச் சொல்லிவிட்டார். கூட்டம் கொதித்துப் போனது. மேனேஜரம்மாதான் முதலில் எழுந்தார். "அப்ப இதுலயும் இட ஒதுக்கீடா?" என்று கேட்டார். படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த நாட்டில் எங்கேதான் இடம் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நல்லவேளையாக அந்தச் சமயத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் படிக்கச் சொல்லித் தருகிற வகுப்பு ஒன்று கடலூர் ரோட்டில் தொடங்கியிருந்தது. ஞாபக சக்தி தேடியவர்கள் எல்லோரும் குதிரையிலிருந்து இறங்கி அந்தப் பக்கம் போனார்கள். இடம் கொடுத்தவரும் மகளோடு அங்கே போனதால் காலி பண்ணச் சொல்ல மறந்துவிட்டார்.

என் மகளுக்கு அவளுடைய ஒரு மணி நேரம் முழுசாகத் திரும்பிக் கிடைத்தது. இந்தக் கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் மேனேஜரம்மாவை இன்றுவரை நிம்மதியாகத் திட்டிக்கொண்டிருப்பேன்.

நடுவாரத்தில் ஒருநாள் சாயங்காலம் அவர் என் வீட்டு வாசலில் நின்றார். ஸ்கூட்டரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தார். தண்ணீர்கூட வாங்காமல் விஷயத்துக்கு வந்தார். அந்த அட்டையை எப்படி வாங்குவது, தெரிந்த டாக்டர் யாராவது உண்டா என்று கேட்டார். எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை எரிந்தது. இத்தனை வருஷமாக அந்த அட்டையை வெளியே காட்டாதே, நாளைக்குக் குடும்பத்தில் சம்பந்தம் பேச வருகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று எனக்குப் புத்தி சொன்ன ஊர் இது. இப்போது அதற்கும் ஆள் போட்டிக்கு வருகிறது.

அட்டை வேண்டுமா, சொல்கிறேன் கேளுங்கள் என்று நான் ஆரம்பித்தேன். கடலூருக்குக் கூட்டிப் போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், நிற்க முடியாமல் பிள்ளை தரையில் புரளும், எல்லோரும் பார்ப்பார்கள், வளர்த்த விதம் சரியில்லை என்று காதுபடப் பேசுவார்கள். கடைசியில் உங்கள் பிள்ளையிடம் எவ்வளவு குறைகிறது என்று சதவீதம் போட்டுக் கையில் தருவார்கள். "அது நீட்டு மார்க்கு இல்லீங்க, நிறைய வந்தா ஸ்வீட்டு குடுக்கறதுக்கு" என்றேன்.

அவர் எதிர்த்துப் பேசுவார் என்று காத்திருந்தேன்.  "எம்பொண்ணு முடியப் பிச்சிக்குதுங்க" என்றார். "புத்தகத்தைத் தொறந்தா கை தானா தலைக்குப் போயிடுது. பின்பக்கம் பூரா சொட்டையா கெடக்குது. அதான் ஷாலு."

அவர் சொல்லச் சொல்ல நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போன வருஷம் தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து அப்படித்தானாம். அப்பாவுக்குக்கூட முழுசாகத் தெரியாது. மணவாளநல்லூர் கோயிலில் சாமிக்குப் பிராது எழுதிக் கட்டிவிட்டு வந்திருக்கிறார், எண்ணெய் மாற்றிப் பார்த்திருக்கிறார். ஆரம்பத்தில், கூட்டம் எதுவும் வராத காலத்தில், ஒருநாள் யூனிட் பக்கமாக வந்தபோது மகள் வேலிக்குள் கையை நீட்டிக் குதிரையின் கழுத்தைத் தடவியிருக்கிறாள். அவ்வளவு நேரமும் கை தலைக்குப் போகவில்லை. அதைத் தாய் பார்த்துவிட்டார்.

அப்படியானால் நேராக வந்து சேர்த்திருக்கலாமே என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், இதுகூடப் புரியவில்லையா என்று இருந்தது. "எம்பொண்ணு மட்டும் தனியா அங்க வந்தா, என்ன ஏதுன்னு கேப்பாங்க. நாலு பேரு பிள்ளைங்களும் வந்தா யாரும் கேக்க மாட்டாங்க. அதான் அந்த வீடியோக்கு கீழ ஞாபக சக்தின்னு எழுதி குரூப்பு குரூப்பா அனுப்புனேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அடிக்கவும் தோன்றியது. ஒரு பெண்ணின் தலையை மறைக்க ஷால் போதவில்லை என்று ஊரையே இழுத்து வந்து மேலே போர்த்தியிருக்கிறார். ராஜாக்களின் ரகசியம்கூட அவருடைய சொந்தக் கற்பனைதான். அந்தக் கூட்டத்தின் அடியில் என் மகள் நசுங்கினாள், ஷட்டரில் மண்டையை மோதிக்கொண்டாள். அதைச் சொன்னேன், அவரை விட்டுவிடவில்லை. அவர் மறுக்கவும் இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை, அழுதார். பெயர் போடாமல் எழுதிக்கொள்ளுங்கள் என்று பிற்பாடு அவரே சொன்னதால்தான் இதை எழுதுகிறேன்.

இதற்கு அட்டை தரமாட்டார்கள், இதற்கு வேண்டியது மனநல டாக்டர் என்றேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் திரும்பித் தெருவைப் பார்த்தார், யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று. ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரின் அறைக்கு அடுத்த அறை கண் டாக்டருடையது. யாராவது தெரிந்தவர்கள் பார்த்தால் கண் காட்ட வந்தோம் என்று சொல்லிக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னேன். அதன் பிறகுதான் அவர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது. சனிக்கிழமை என் மகளின் நேரத்தில் பாதியை எடுத்துக்கொள்ளட்டும், குதிரை டாக்டரிடம் நான் பேசுகிறேன் என்றும் சொன்னேன். பெரிய மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் போன பிறகு வயிற்றெரிச்சலில் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் ஒரு பெண் புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்து தன் தலையைத் தானே பிடுங்கிக்கொண்டிருப்பது கண்ணில் வந்து நின்றுவிட்டது, அதை என்னால் தள்ள முடியவில்லை.

அந்தப் பெண் வர ஆரம்பித்தாள். முதல் நாள் என் மகள் அவளை முழங்கையால் தள்ளினாள். அவள் குதிரையின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள். பிறகு ஒருவர் அந்தப் பக்கம், ஒருவர் இந்தப் பக்கம் என்று ஆகிவிட்டது, பாதி நேரம் என்கிற கணக்கு தேவைப்படவே இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டார்கள், பேச மாட்டார்கள். ஒரு மணி நேரம் நான்கு கைகளும் வேலையாக இருக்கும். டாக்டரிடமும் போய் வந்தார்கள். கண் டாக்டரிடம் அடிக்கடிப் போகிறார்களே, பெண்ணுக்குக் கண்ணில் என்ன கோளாறு என்று மச்சி என்னிடம் விசாரித்தார்.

மேனேஜரம்மா ஊருக்கு வேறு காரணம் சொல்லி வைத்திருந்தார். மகள் வாராவாரம் அந்தப் பிள்ளைகளுக்கு உதவி செய்யப் போகிறாள், சேவை. நீட்டுக்குப் படிக்கிற பெண் நம் பிள்ளைக்காக நேரம் ஒதுக்குகிறதே, நீ கொடுத்து வைத்தவள் என்று மச்சியே என்னிடம் சொன்னார். கடைக்குக் கப்பு வாங்க வருகிறவர்களும் சொன்னார்கள். நான் ஆமாம் ஆமாம் என்று கப்பைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன். இதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஊரில் சேவை செய்கிறவர்களைத் தேடிப் பிடித்துப் பாராட்டுகிற ஒரு சங்கம் இருக்கிறது, அவர்கள் காதுக்கு எட்டிவிட்டது.

கல்யாண மண்டபத்தில் விழா. சிறப்புக் குழந்தைகளின் தோழி என்று அந்தப் பெண்ணுக்கு ஒரு பட்டம், கேடயம். பயனடைந்த தாய் என்ற முறையில் நான் மேடையில் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று அழைத்தார்கள். மகளை மட்டும் கூட்டி வர வேண்டாம், நிகழ்ச்சியில் சத்தம் போட்டால் நன்றாக இருக்காது என்று அன்பாகச் சொன்னார்கள். அவளைக் குதிரை டாக்டரிடம் விட்டுவிட்டுப் போனேன். மேடையில் விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பெண் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். பேச்சாளர்கள் அவளைப் புகழப் புகழ அவள் கை மடியிலிருந்து எழும்பும், பாதியில் நிற்கும், இறங்கும். மறுபடி எழும்பும். முன் வரிசையில் இருந்த தாய்க்கும் மேடையில் இருந்த எனக்கும் மட்டும்தான் அது தெரிந்தது. சீக்கிரம் இவளை இந்த இடத்தைவிட்டு இறக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பு ஓடவில்லை.

மைக்கை என் கையில் கொடுத்தார்கள். இந்தப் பெண் உங்கள் மகளுக்கு எப்படியெல்லாம் உதவுகிறாள் என்று சொல்லுங்கள் என்றார்கள். கீழே மேனேஜரம்மா என்னையே பார்த்தார். "எம்பொண்ணுக்கு ரொம்ப ஒத்தாசையா இருக்குதுங்க" என்றேன். அத்தோடு இறங்கியிருக்கலாம். அங்கே வராத என் மகளுக்காக ஒரு வார்த்தையாவது சொல்லாமல் வாய் நிற்கவில்லை. "எம்பொண்ணும் அதுக்கு ஒத்தாசையா இருக்குது" என்றேன்.

அடக்கமாக எதையோ சொல்கிறேன் என்று நினைத்து மண்டபமே கைதட்டியது. மேடையில் அந்தப் பெண் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்து ஆமாம் என்று தலையாட்டினாள். மேனேஜரம்மா கைதட்டாமல் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். மகளை நினைத்து ஒரு தாயின் பெருமைக் கண்ணீர் என்று சொல்லி அதைப் போட்டோ எடுத்தார்கள்.